நான் போட்ட கையெழுத்து

பிப்ரவரி 4, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் சுசித்ராவைக் காணோம். லாக்கர் ஓரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதும் திடுக்கிட்டு எழுந்தாள். அஞ்செட்டிப் பெண், எங்கள் தயாரிப்பு லைனுக்கு வந்து எட்டு மாதம். நேற்று பெட்டி எடுக்க ஸ்டோருக்குப் போனவளை, சூப்பர்வைசர் ஹரீஷ்குமார் கதவைச் சாத்திக்கொண்டு—

எழுத வரவில்லை.

"கத்தினேன்க்கா. மெஷின் சத்தத்துல யாருக்கும் கேக்கல."

கம்பெனியின் பெண்கள் புகார்க் குழுவில் நானும் இருக்கிறேன். அதனால்தான் என்னிடம் சொன்னாள்.

பிப்ரவரி 12

குழு கூடியது. இருபதே நிமிடம். அவளிடம் கேட்ட முதல் கேள்வி: "தனியா ஏன் போனே?"

எச்.ஆர். பிரகாஷ் சார் அறிக்கையை முன்பே அச்சடித்து வைத்திருந்தார். 'ஆதாரம் இல்லை. தவறான புரிதல்.'

"போடுங்க கௌசர். பொண்ணு பேரு கெட்டுடக் கூடாது பாருங்க."

போட்டேன்.

பிப்ரவரி 13

சுசித்ரா ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டாள்.

பிப்ரவரி 20

நோட்டீஸ் போர்டில்: பெண்கள் ஸ்டோருக்குத் தனியாகப் போகக் கூடாது. இதுதான் தடுப்பு நடவடிக்கையாம்! ஹரீஷ்குமார் அதே நாற்காலியில். தூ.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. அஞ்செட்டிக்குப் போனேன். அவள் அம்மா சாந்தம்மா வாசலிலேயே நிறுத்தினார்.

"இப்ப என்னாத்துக்கு வந்தீங்க? எம் பொண்ணு உங்களத்தானே நம்பினா."

"போலீசுக்குப் போலாம்மா. அறிக்கை எப்படித் தயாராச்சுன்னு நானே சொல்றேன்" என்றேன்.

உள்ளேயிருந்து சுசித்ராவின் குரல்: "எப்ப சொல்வீங்க? உங்க வேலை போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மார்ச் 3

முன்னாடி.

மூவரும் போய்ப் புகார் கொடுத்தோம். பிறகு ஆஸ்பத்திரி. அங்கே கவுன்சலிங் தரும் அம்மா சுசித்ராவிடம் முதலில் கேட்டது: "கதவு திறந்திருக்கட்டுமா, சாத்தட்டுமா? உன் இஷ்டம்."

"திறந்தே இருக்கட்டும்."

இந்த ஒரு மாதத்தில் அவள் இஷ்டத்தை வேறு யார் கேட்டார்கள்? நான் கேட்டேனா?

மார்ச் 18

வேலை போய்விட்டது. குழு விஷயத்தை வெளியே சொன்னது குற்றமாம். என் வீட்டுக்காரர் உஸ்மான், "இப்பத் திருப்தியா?" என்றார்.

இல்லை.

நவம்பர் 19

கிருஷ்ணகிரி கோர்ட். சுசித்ரா மூடிய அறையில் ஒன்றரை மணி நேரம் சாட்சி சொன்னாள். ஹரீஷ்குமார் வக்கீல் விடாமல் குடைந்தாராம். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லையாம். வெளியே வந்தவளிடம், "ஏதாவது சாப்பிடறியா?" என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். என் பக்கத்தில் உட்காரவுமில்லை.

"அடுத்து உங்களத்தான் கூப்பிடுவாங்க. நடந்தத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன், நான் பயந்துபோனது உட்பட.

திரும்பி வந்தபோது தாயும் மகளும் கிளம்பியிருந்தார்கள். சுசித்ராவுக்குப் பர்கூர் பக்கம் புது வேலை. நாளைக்கு அவளுக்குக் காலை ஷிஃப்ட்.