மூணு ஓலை

28 ஜூன், சனி

ஐம்பத்திரண்டு வயசில் கல்யாண வகுப்பு. கோயில் ஹாலில் பதினோரு ஜோடி, எங்களைத் தவிர எல்லாம் பொடிசுங்க. பக்கத்தில் இருந்த பெனிஷா, ஆன்ட்டி, பொண்ணுக்குத் துணையா வந்தீங்களா என்றாள். நான்தாம்மா பொண்ணு என்றேன். பாவம், அது மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே! டீச்சரம்மா பிள்ளைப்பேறு பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், எங்களைப் பார்த்ததும் ரெண்டு பக்கத்தைத் தள்ளிவிட்டார். மாப்பிள்ளை தேவப்பிரியம் ஒன்று விடாமல் நோட்டில் எழுதினார். ஹார்பரில் டக் போட் ஓட்டிக் கப்பலையே இழுக்கிற மனுஷன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை முதலாவது கல்யாண ஓலை. மூன்று ஞாயிறு பூசையில் எங்கள் பேரை வாசிப்பார்கள். தடை இருந்தால் யாரும் ஃபாதரிடம் சொல்லலாம். வேற யாரு சொல்லப் போறா? என் மகள் சில்வியாதான். ஒரு மாசமாக என்னோடு பேச்சில்லை.

6 ஜூலை, ஞாயிறு

"காலஞ்சென்ற அருளப்பன் மகள் பிலோமி" என்று கோயில் உபதேசியார் வாசித்தார். நைனா பேரை யாரும் சொல்லிக் கேட்டு முப்பது வருஷம் இருக்கும். விளையாடிக்கினு இருந்த என்னை யாரோ வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன். நைனா போனதிலிருந்து ஆண்டவரையும் நைனா என்றுதான் கூப்பிடுகிறேன்.

சில்வியா வரவில்லை. இதோ இருக்கிற தண்டையார்பேட்டையிலிருந்து.

7 ஜூலை

பூசையை போனில் பார்த்திருக்கிறாள். காலையிலேயே கூப்பிட்டாள்.

"எங்கப்பா செத்து எட்டு வருஷம்தான் ஆவுது. அதுக்குள்ள நீ உங்கப்பன் வூட்டுப் பொண்ணாப் பூட்டியா? அப்ப நான் யாரு?"

மூணாவது ஓலைக்குள்ள ஃபாதரைப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்புறம் ஆறு தடவை போட்டேன். எடுக்கலை.



9 ஜூலை

நான் சமைக்கிற ஹார்பர் கேன்டீனில் சாம்பாரில் ரெண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். தேவப்பிரியம் அதையும் ஊற்றிச் சாப்பிட்டார். வேணாம்னு விட்றலாமா என்று கேட்டேன். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்:

"உன் பொண்ணுக்காக வேணாம்னு சொல்லு, நான் ஒத்துக்கிறேன். பயந்துகினு சொல்லாத."

பிறகு வழக்கம்போல அவர் வீடு இருக்கிற எண்ணூரின் பெருமை. அங்கே பவுடர் செலவே இல்லையாம். ஜன்னலைத் திறந்து வைத்தால் பவர் ஹவுஸ் சாம்பல் வந்து மூஞ்சியில் பூசிவிடுமாம். பொறந்ததிலிருந்து ராயபுரத்தை விட்டு நகராதவளை நல்ல இடத்துக்குத்தான் கூப்பிடுகிறார்! சிரிப்பு வந்துவிட்டது.

13 ஜூலை, ஞாயிறு

ரெண்டாவது ஓலை. நான் தலை நிமிரவே இல்லை.

15 ஜூலை

உபதேசியார் கேன்டீன் பக்கம் வந்தார். நேற்று சில்வியா ஃபாதரைப் பார்த்து அரைமணி நேரம் பேசினாளாம். என்ன பேசினாள் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஐயோ நைனா, இன்னா சொன்னாளோ தெரியலயே — ஊரு முன்னாடி கல்யாணத்த நிறுத்திடுவாங்களா? எனக்கு இந்த வயசுல இதெல்லாம் தேவையா?

16 ஜூலை

வேலை முடிந்து ரோட்டைத் தாண்ட முடியாமல் நின்றேன். கண்டெய்னர் லாரி ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டியது. லாரியைப் பார்க்கவே இல்லை. இன்னொரு கையில் குச்சி ஐஸ் உருகுகிறதே என்று அதை நக்கிக்கொண்டே போனது. அது பின்னாலேயே நானும் தாண்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முட்டி போட்டேன். நைனா, உன் கையைப் பிடிச்சிக்கினேன். எண்ணூரோ, இதே வூடோ, நீ எங்க இட்டுகினு போறியோ வரேன். எம்பொண்ண மட்டும் வுட்டுடாத. அவ்ளோதான் சொன்னேன். பத்து நாளைக்கு அப்புறம் பசித்தது. தோசை ஊற்றிச் சாப்பிட்டேன்.

20 ஜூலை, ஞாயிறு

சில்வியா வந்தாள். எனக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்தாள், திரும்பவில்லை. உபதேசியார் புதுசாக ஒரு பேப்பரை எடுத்தார்.

"காலஞ்சென்ற அருளப்பன் மகளும், காலஞ்சென்ற இன்னாசியின் மனைவியும், சில்வியாவின் தாயுமான பிலோமி."



பூசை முடிந்ததும் அவளே வந்தாள். கண் சிவந்திருந்தது. எங்கப்பா பேரும் என் பேரும் ஓலையில இல்லாததுதான் என் தடை, அத்தத்தான் ஃபாதர்கிட்ட சொன்னேன் என்றாள். தேவப்பிரியத்துக்கு ஒரு வணக்கம் வைத்தாள், அவ்வளவுதான். அவர் பதறிப்போய் ரெண்டு தடவை வணக்கம் வைத்தார்.

கேட் வரைக்கும் சேர்ந்து நடந்தோம். லாரிக்காக நின்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"எண்ணூருக்கு எங்க வூட்டாண்டேந்து எந்த பஸ்ஸும்மா?"