துகுமெக் கண்ட கரடி

சியோராபலுக், வட கிரீன்லாந்து
24 பிப்ரவரி 1987, செவ்வாய்க்கிழமை

கோபன்ஹேகனில் வாழும் நண்பர் ஹென்னிங் அவர்களுக்கு,

சூரியன் திரும்பிவிட்டது. நாய்கள் நலம். நான் நலமாக இல்லை, காரணம் தாங்கள்.

என் பேத்தி இவாலு உங்கள் நகரத்து அருங்காட்சியகத்துக்குச் சென்றிருந்தாள். அங்கே தொங்கும் கரடித் தோலையும் அதன் கீழுள்ள பலகையையும் படம்பிடித்து அனுப்பினாள். படம் இம்மாதம் 9-ஆம் தேதி வந்தது. பலகையில் உள்ளது இது: "12 ஏப்ரல் 1951. பயணக்குழுவில் இருந்த பெண் இதை நாய் என்று எண்ணினாள். தலைவர் கரடி என்று அறிந்து சுட்டார்." தங்கள் நாட்குறிப்பிலிருந்து எடுத்ததாம்.

முதலில் தேதி. 12-ஆம் தேதி பனிப்புயல். கூடாரத்தைவிட்டு ஒருவரும் வெளியே வரவில்லை. வந்திருந்தாலும் கரடி இருக்கட்டும், தன் மூக்கைக்கூடக் கண்டிருக்க முடியாது. அது 13, வெள்ளிக்கிழமை.

அடுத்தது, அந்தப் 'பெண்'. அவள் பெயர் துகுமெக். என் மனைவி. நம் ஐவரின் உடைகளையும் தைத்துக் காக்க உடன் வந்தவள். தங்கள் கையுறையின் பெருவிரலை மூன்று முறை தைத்தவளின் பெயரைத் தாங்கள் மறந்திருக்க இயலாது.

கரடியை முதலில் கண்டவருக்கே தோல் சொந்தம், சுட்டவருக்கு அல்ல. இது எங்கள் வழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தாங்கள் சுட்ட நான்கு குண்டுகளில் மூன்று பனியில் பாய்ந்தன. அதை இதுவரை நான் யாரிடமும் கூறியதில்லை. அப்படியிருந்தும், தங்கள் மனைவிக்குக் குளிர் தாங்காது என்று தாங்கள் சொன்னதைக் கேட்டு, துகுமெக் தனக்குரிய அந்தக் கரடித் தோலைத் தங்களுக்கே கொடுத்தாள். இப்போதும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

அவள் அன்று சறுக்குவண்டியில் எழுந்து நின்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "அதோ பாருங்க, ஏதோ அழுக்கு நாய் மாதிரி ஒண்ணு நிக்குது." எங்களிடையே பெரிய விலங்கைக் கண்டவர் தற்பெருமை பேசக்கூடாது, அதைச் சிறுமைப்படுத்தியே சொல்வார். அதைத்தான் தாங்கள் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள், மாதக்கணக்கில் பதப்படுத்திய சிறந்த இறைச்சியைத் தங்கள் முன் வைத்து, "நாத்தம் பிடிச்சது, இதைவிட்டா வேற இல்லை" என்றாளே? அதையும் நம்பியிருந்தால் தாங்கள் பட்டினி கிடந்திருப்பீர்கள். தாங்கள் மூன்று முறை கேட்டு வாங்கி உண்டீர்கள். இறைச்சியில் விளங்கிய பணிவு கரடியில் ஏன் விளங்கவில்லை?

படம் வந்த பிறகு ஊர் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குலுத்தானா தினமும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "துகுமெக், வெளியில நிக்கிறது என் நாயா, கரடியா? பார்த்துச் சொல்லேன்" என்பான். அவளும், "உன் மூஞ்சியைப் பார்த்தா ரெண்டுமே ஓடியிருக்குமே" என்று பதில் கொடுப்பாள். தங்களை நான் திட்டும்போதும், "போகட்டும் விடு. அவருக்கும் வயசாகுதில்ல" என்பாள்.

ஆனால் கடந்த சனிக்கிழமை, 21-ஆம் தேதி, தைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திக் கேட்டாள்: "மசௌனா, அன்னிக்கு அதை நிஜமாவே நான்தானே பார்த்தேன்?"

தங்களுக்கு இதை நான் எழுதியிருக்கவில்லை. அவளது இடக்கண் 1985 நவம்பரில் போயிற்று. வலக்கண் சென்ற அக்டோபரில். இப்போது விரல்களால்தான் தைக்கிறாள். தான் கண்டதைத் தானே ஐயுறும் நிலைக்கு அவளைக் கொண்டுவந்தது அந்தப் பலகை.

தங்கள் கண்கள் நீண்ட காலம் நலமாக இருக்கட்டும். அவை நலமாக இருக்கும்போதே அங்கே சென்று, அவள் பெயரை எழுதச் செய்து, படம்பிடித்து முதல் தபாலிலேயே அனுப்புங்கள். கோடைக் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அவளால் பார்க்க இயலாது. நான் வாசித்துக் காட்டுவேன்.

தேதியைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். தவறான தேதியை என்னால் அவளுக்கு வாசிக்க முடியாது.

இன்னும் தங்கள் நண்பனாகவே இருக்க விரும்பும்,
மசௌனா