மூன்று தடவையும் ஒரே எண்

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இதைப் போனில் சொல்ல முடியாது. இந்த ஒற்றை அறையில் எந்த மூலையில் பேசினாலும் நம் மகளுக்குக் கேட்டுவிடும்.

செவ்வாயன்று அதீபாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மூன்று மாதத்துக்கொரு முறை தசையின் பலம் பார்ப்பார்களே, அதற்கு. கணுக்காலுக்கு மேல் அந்தச் சின்ன மெஷினை வைத்து, காலை நீட்டித் தள்ளச் சொல்வார்கள். போன தடவை எட்டு கிலோ என்று சொன்னேன். அதை நம்பித்தான் மஸ்கட்டில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டீர்கள்.

இந்தத் தடவை பார்த்தது புதுப் பெண். "ஆன்ட்டி, ஹாத் ஹடாவோ" என்று கையை எடுக்கச் சொன்னாள். அப்போதுதான் கவனித்தேன், என் கை அதீபாவின் கெண்டைக்காலுக்கு அடியில் இருந்தது. பத்து வருஷமாகத் தூக்கித் தூக்கிப் பழகிய கை, மச்சான். எனக்கே தெரியாமல் ஒவ்வொரு தடவையும் அதுவும் சேர்ந்து தள்ளியிருக்கிறது.

கையை எடுத்தேன். இரண்டு கிலோ. மறுபடியும் இரண்டு. மூன்றாவதும் இரண்டு. முன்பெல்லாம் தடவைக்குத் தடவை மாறும். இப்படி மாறாமல் வந்தால்தான் நம்பலாம் என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் குர்லா சிக்னலில் ஆட்டோ நின்றபோது அதீபா சொன்னாள்: "நீ தூக்குறது எனக்கு முன்னாடியே தெரியும் உம்மா. நம்பர் கூடுனா வாப்பா சந்தோசப்படுவாவல்லா."

நேற்று போனில் நீங்கள் கேட்டதும் "ஒன்பது, வாப்பா" என்றாளே, நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

லீவு கேட்டுப் பாருங்கள். இரண்டு வருஷம் ரொம்ப நாள், மச்சான்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் உம்மா