நூற்றிப்பத்தில் ஒரு விக்கல்

இன்று காலை காரைப் பழைய இரும்புக்குக் கொடுப்பதற்காகத் துப்புரவாக்கினேன், மச்சான். முன் இருக்கைக்கு எதிரே உள்ள சின்னப் பெட்டியில், கிழிந்த பார்க்கிங் சீட்டுகளுக்கும் காய்ந்த மன்டரின் தோடம்பழத் தோலுக்கும் அடியில் அது கிடந்தது. பெருவிரல் அளவில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு, அதைச் சுற்றி அதன் வால் துணி. தூசியிலும் எண்ணெயிலும் பாதி கறுத்துவிட்டது. உள்ளே இருந்த திருநீறு எப்போதோ கொட்டிப் போய்விட்டது, வாசம் மட்டும் கொஞ்சம் மிச்சம். கார்க் கதவைத் திறந்தபடியே பலெர்மோ நகரத்துச் சீசா வீதியோரத்தில் நெடுநேரம் இருந்துவிட்டேன். இந்த முடிச்சைப் பற்றி நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு எனக்கு முழுதாக ஐந்து மாதம் இருந்தது.

நீ பார்த்துத் தந்த கார் இது. பக்கத்து ஊர் பகேரியாவில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாரின் முற்றத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு அதற்கடியில் படுத்துப் பார்த்தாய். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றாய். "எடு மச்சான். கிழவன் பெத்த பிள்ளை மாதிரி வைச்சிருக்கிறான்" என்றாய். வன்னியில் பெற்றோல் கண்ணுக்கும் தெரியாத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்த கை உன்னுடையது. பலெர்மோவில் அந்தக் கைக்குக் கிடைத்தது, சியாகுல்லித் தோட்டத்தில் மன்டரின் வெட்டும் கத்தரிக்கோல்.

எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம். ஒரு பணக்கார இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை, போட வெள்ளைச் சட்டை, அவவை டொக்டரிடமும் கடைக்கும் என் காரிலேயே ஏற்றி இறக்குகிற பெருமை. அவவின் தம்பி கார் திருத்தும் ஒபிசினா வைத்திருந்தார், ஆள் தேடினார். உன்னைப் பற்றிச் சொல்கிறேன் என்று நானாகத்தான் வாக்குக் கொடுத்தேன், நீ கேட்கவில்லை. "கூரைக்குக் கீழை வேலை, மச்சான். மாரியிலை நனையத் தேவையில்லை" என்று அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிந்தாய்.

கார் வந்த கிழமையே ஊரிலிருந்து மாமி இந்த முடிச்சை அனுப்பியிருந்தா. கோயில் திருநீறு, கண்ணாடியில் கட்டுங்கோ என்றாள் என் மனைவி. கார் வந்த அன்று சில்லுக்கடியில் தேசிக்காய் நசித்ததையே எதிர்வீட்டுக்காரர் பல்கனியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிஞ்ஞோரா ஏறுகிற காரில் மஞ்சள் துணியும் தொங்குவதா? எனக்கு வெட்கம். எறியவும் பயம். பொனெற்றைத் திறந்தேன். முன் விளக்குக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குழாய் வாய் திறந்தபடி இருந்தது. கட்டுவதற்குத் தோதாக இருந்ததால் முடிச்சின் நீளமான வால் துணியை அதன் விளிம்பில் சுற்றிக் கட்டிவிட்டேன். எஞ்சின் காற்று இழுக்கும் குழாய் அது என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாளில் கட்டியதையும் மறந்துபோனேன்.

ஒன்றிரண்டு மாதத்தில் விக்கல் தொடங்கியது. ஊருக்குள் ஓடும்போது ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலையில் வேகம் நூற்றிப்பத்தைத் தொட்டு இன்னும் மிதித்தால், காலடியில் ஒரு கணம் வெறுமை, பிறகுதான் இழுக்கும். பின்னால் இருந்த சிஞ்ஞோராவுக்கே அது தெரியவில்லை. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் மிதித்த காலைச் சட்டென்று எடுத்துவிடுவேன். சீசாவில் ஒருவனிடம் கொண்டுபோனேன். கொம்பியூட்டரைப் பூட்டிப் பார்த்துவிட்டு ஒரு பிழையும் காட்டவில்லை என்றான். பிளக் மாற்றினான், பெற்றோல் பில்டர் மாற்றினான். விக்கல் அப்படியே இருந்தது.

பிறகுதான் உன்னை ஏற்றிக்கொண்டு போனேன். "றேடியோவை நிப்பாட்டு. கண்ணாடியளை ஏத்து" என்றாய். பகேரியா தாண்டியதும் மிதித்தேன், விக்கியது.

"இப்ப ஒரு கியர் குறை. வேகத்தைப் பாக்காதை, எஞ்சின் சத்தத்தை அதே அளவுக்கு ஏத்து."

ஏற்றினேன். வேகம் குறைவுதான், ஆனால் அதே விக்கல்.

"கண்டியோ? சில்லுமில்லை, கியருமில்லை. எஞ்சின் வேகமாச் சுத்தேக்கை இதுக்குக் காத்துக் காணேல்லை, மூச்சு முட்டுது. ஓரங்கட்டு மச்சான், காத்துப் பெட்டியைத் திறந்து பாப்பம்."

நான் நேரத்தைப் பார்த்தேன். சிஞ்ஞோராவைப் பல் வைத்தியரிடமிருந்து கூட்டிவர வேண்டும். சட்டை ஊத்தையாகிவிடும். இதையெல்லாம் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. நான் சொன்னது வேறு.

"கொம்பியூட்டர் காணாததை நீ காதாலை கண்டிட்டியோ? இது மண்ணெண்ணை மோட்டச்சைக்கிள் இல்லையடா."

நீ சிரித்தாய், அரைச் சிரிப்பு. "சரி, விடு. ஆனா ஒருக்காத் திறந்து பார்." நான் றேடியோவைப் போட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் கூடும் கடையில், நாலு பேர் கேட்க, "அவன் பாத்துத் தந்த கார்தான். இஞ்சத்தைய காரைப் பற்றி அவனுக்கு என்ன விளங்கும்?" என்றேன். உன்னைக் கார் பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். சிஞ்ஞோரா ஒருநாள் தம்பியின் ஒபிசினாவுக்காகக் காரில் வைத்துக் கேட்டா, "உன் நண்பன் கெட்டிக்காரனா?" என்று. "கொசி கொசி" என்றேன். அவர்களுடைய பாஷையில் சுமார் என்று அர்த்தம். வீதியைப் பார்த்தபடி அதைச் சொல்லிவிட்டு, அடுத்த சந்தியில் திரும்பினேன். ஒபிசினாவுக்கு வேறு ஆள் எடுத்தார்கள். உன்னிடம், "அவை ஏற்கெனவே ஆள் எடுத்திட்டினம்" என்று சொன்னேன்.

ஒக்டோபரில் முன் விளக்கு எரியவில்லை. குமிழ் மாற்ற வீதியோரத்தில் நின்று பொனெற்றைத் திறந்தேன். கறுப்புக் குழாயின் வாயிலிருந்து ஒரு மஞ்சள் நூல் நுனி எட்டிப் பார்த்தது. இழுத்தேன். உள்ளேயிருந்து முடிச்சு வந்தது, பின்னால் அவிழ்ந்த துணியும் நீளமாக வந்தது. எஞ்சின் அதை உறிஞ்சி உள்ளே எடுத்திருக்கிறது. வேகமாகச் சுற்றும்போதெல்லாம் துணி போய்க் காற்றை அடைத்திருக்கிறது. முடிச்சை முன் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் நெடுஞ்சாலைக்கு ஏறினேன். நூற்றிப்பத்து, நூற்றிருபது. விக்கல் இல்லை. ஒரு நிமிடம் சின்னப்பிள்ளை போலச் சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகுதான் உன் குரல் நினைவுக்கு வந்தது: காத்துப் பெட்டியைத் திறந்து பாப்பம்.

ஞாயிறு கடையில் நீயே கேட்டாய், "என்னடா, கார் எப்பிடி?"

"இப்பப் பரவாயில்லை. ஒபிசினாவிலை என்னவோ மாத்தினவங்கள்."

உன் கண் விரிந்தது. "என்னத்தை மாத்தினவங்கள்? கேட்டுச் சொல்லடா, எனக்கு அறிய வேணும்."

"ஓம், கேட்டுச் சொல்லுறன்" என்றேன். கடையில் அன்று அதே நாலு பேரும் நின்றார்கள். அவர்கள் முன்னால் என் பிழையை ஒப்புக்கொள்ள நான் தயாரில்லை. அதன்பிறகு நீ இரண்டு தரம் கேட்டாய். இரண்டு தரமும் மறந்துவிட்டேன் என்றேன்.

மாசியில், பிந்திய மன்டரின் பறிக்கும் மழை நாளொன்றில், மரத்தடியில் கூடையோடு இருந்தபடியே நெஞ்சுவலியில் போய்விட்டாய். செத்தவீட்டில் உன் மனைவி என்னிடம் சொன்னா: "உங்கடை காரைப் பற்றித்தான் அண்ணை அடிக்கடி யோசிச்சவர். காத்துப் பெட்டி எண்டுதான் நினைச்சன், என்ரை காது பிழைச்சுப்போச்சு எண்டவர். இனி ஆரின்ரை காரையும் தொடமாட்டன் எண்டும் சொன்னவர்." நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன், மச்சான். உன் காலடியில் நின்றுகொண்டு, அப்போதும் வாய் திறக்கவில்லை.

ஏழு வருடம் அந்தக் கார் ஒரு நாளும் என்னை வழியில் விட்டதில்லை. இன்று பழைய இரும்புக்காரன் என்ன குறை என்று கேட்டான். குறை ஒன்றும் இல்லை, வயதாகிவிட்டது, நல்ல மெக்கானிக் ஒருவன் தெரிந்தெடுத்த கார் என்றேன். ஒரு அந்நியனிடம் சொல்ல வாய் வந்தது. அதனால் அங்கிருந்து நடந்தே உன் வீட்டுக்குப் போனேன்.

உன் மனைவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா. முடிச்சை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியில் கட்ட வெட்கப்பட்டதை, கடையில் கதைத்ததை, கொசி கொசியை, ஒக்டோபரை. உன் காது பிழைக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவ முடிச்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அழவில்லை, ஏசவுமில்லை.

"இதை அவரிட்டைச் சொல்லியிருக்கலாமே, அண்ணை" என்றா.

உனக்குச் சேர வேண்டியது இது, உன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவவிடம் சொன்னேன். அவ முடிச்சை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டா.

"வேண்டாம். நீங்களே வைச்சிருங்கோ."

வைத்திருக்கிறேன்.