இடது இறக்கையை வெட்டியது நான்தான்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவும் தங்கையும் சௌக்கியம். என்னைப் பற்றி அப்படி எழுதத்தான் கை வரவில்லை. அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று தங்கை போனில் உளறியிருப்பாள், அது உண்மைதான், ஏன் என்பதை நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

கூடாரம் தைத்துக்கொண்டிருந்த என்னை ஆராய்ச்சிக்கூடத்துக்கு எதற்குக் கூப்பிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். பறவை வேகமாகப் போகும்போது இறக்கையைச் சுருக்குகிறது, இறங்கும்போது விரிக்கிறது, அதே மாதிரி ஒரே ஆள் உட்காரும் சின்ன விமானம் செய்கிறார்கள், உள்ளே எலும்பு போலக் கம்பியும் மூட்டும், மேலே இழுத்தால் நீளும் ரப்பர் தோல். அந்தத் தோலை அளவெடுத்து வெட்டி ஒட்டுவது ஆறு வருஷமாக என் வேலை. இரண்டு மாதமாக இடது இறக்கை மட்டும், விரிந்த பிறகும் மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு விரல் அளவு தொய்ந்து நின்றது. தோலில் தப்பில்லை, உள்ளே மூட்டுதான் முழுசாக விரியவில்லை என்று இதையெல்லாம் நடத்தும் பேராசிரியரிடம் மூன்று தடவை சொன்னேன். நல்ல மனிதர்தான், கம்ப்யூட்டரில் கோடுகளைக் காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறதம்மா, ரப்பர் பழசாகிவிட்டது, புதுசு போடுங்கள் என்றார். போட்டேன், அதுவும் தொய்ந்தது. அதற்குள் யாரோ பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று முதல் தடவை பறக்கவிடும் நாளை முன்னால் இழுத்துவிட்டார்கள். ஓட்டப்போகிறவள் குருவி என்று எல்லோரும் கூப்பிடும் பெண், உன் வயதுதான் இருக்கும்.

முந்தின நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வாசல் காவலாளியிடம், தலை வலிக்கிறது அண்ணே, கேன்டீனில் ஒரு டீ வாங்கி வாருங்கள் என்றேன். அவர் திரும்புவதற்குள் கத்தரியை எடுத்து இடது இறக்கையின் தோலை மூட்டிலிருந்து நுனிவரை வெட்டிவிட்டேன். புதுசு ஒட்டிக் காய நான்கு நாள் ஆகும், அதற்குள் யாராவது உள்ளே பார்ப்பார்கள் என்று நினைத்தேன், வேறு வழி எனக்குத் தோன்றவில்லை கண்ணு. யாரும் உள்ளே பார்க்கவில்லை, யார் வெட்டியது என்றுதான் தேடினார்கள். காவலாளியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துச் சாயங்காலம்வரை குடைந்தார்கள். டீ வாங்கப் போனேன் என்றாரே தவிர யாருக்கு என்று அந்த மனிதர் சொல்லவில்லை. எனக்குத் தாங்கவில்லை, போய் ஒப்புக்கொண்டேன். பேராசிரியர் திட்டவில்லை, "நீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அப்பாவும் என்னோடு பேசுவதில்லை, தட்டை என் பக்கம் நகர்த்துவதோடு சரி.

மூன்றாம் நாள் குருவி வீட்டுக்கு வந்தாள். சமையலறையிலேயே உட்கார்ந்துகொண்டாள். "பேராசிரியர்கிட்ட மூணு தடவ சொன்னீங்களாம், ஏறி உக்காரப் போறது நான். என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள். கையெழுத்துப் போடுகிறவரிடம் சொன்னால் போதும் என்று இருந்துவிட்டேன், உயிரைப் பணயம் வைக்கப்போகிறவள் என் கண்ணிலேயே படவில்லை. தொய்வு எவ்வளவு என்று மேஜைத் துணியை இழுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து போனாள், மூட்டைச் சோதிக்காமல் ஏற மாட்டேன் என்று அங்கே சொல்லிவிட்டாள். தோலை உரித்து நூறு தடவை மடக்கி விரித்தார்களாம், ஒன்றுமில்லை. போதும் என்று எல்லோரும் கிளம்ப, இவள் விடவில்லை. இரண்டு இறக்கையையும் கவிழ்த்துப்போட்டு, காற்றின் பாரத்துக்குப் பதிலாக மணல் மூட்டைகளை அடுக்கச் சொன்னாள். நான்காவது தடவை வலது முழுசாக விரிந்தது, இடது பாதியில் நின்றுவிட்டது. மூட்டுக்குள் ஒரு ஆணி தேய்ந்துபோயிருந்ததாம். மேலே போன பிறகு அப்படி நின்றிருந்தால் விமானம் ஒரு பக்கமாகக் கவிழ்ந்திருக்கும் என்று அந்தப் பெண்ணே போனில் சொன்னாள்.

அம்மாவுக்கு நிம்மதி என்று நினைத்துவிடாதே. காவலாளியை வேலையைவிட்டே அனுப்பிவிட்டார்கள். நான்தான் டீ வாங்க அனுப்பினேன் என்று எழுதிக்கொடுத்தேன், யார் சொன்னாலும் வாசலை விட்டுப் போனது போனதுதானே என்கிறார்கள். அவர் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். இரண்டாவது முறை கதவுக்கு உள்ளிருந்தே, "நெசமாவே தலவலின்னு நெனச்சேன்மா" என்றார். கதவைத் திறக்கவில்லை. அந்தக் குரல் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது, எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. திங்கட்கிழமை விசாரணை. என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கேட்கப்போகிறேன், கூப்பிட மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

எங்கம்மா ஓர் உயிரைக் காப்பாற்றினாள் என்று அங்கே யாரிடமும் பெருமையாகச் சொல்லிவிடாதே. லீவு போட்டுக்கொண்டு ஓடிவராதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போடு, உன்னிடமாவது வாய் திறப்பார், பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல். பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். நாளைக்குக் காலையில் மறுபடி காவலாளி வீட்டு வாசலுக்குப் போகிறேன், திறக்காவிட்டாலும், தலைவலி என்றது பொய்தான், மன்னித்துவிடுங்கள் என்று நின்று சொல்லிவிட்டு வருவேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா