தொட்டிக்கடியில் ஒரு மஞ்சள் கட்டி

நிலவுத் தென்முனை, மூன்றாம் குடியிருப்பு
பதிவாளர்: முனைவர் வைஜயந்தி, நிலவுத்தூசி ஆய்வாளர். தங்குபவர்: ஒருவர்.

நாள் 31 / 09:10
காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் இயந்திரம் சரி. தொட்டியில் தண்ணீர் 92 லிட்டர். தொட்டி இருக்கும் வெளிக் கிடங்கில் 18 டிகிரி. தூசி மாதிரிகள் நாற்பதும் முத்திரையிட்டாயிற்று. ஒன்பது நாளில் விண்கலம் வருகிறது. முனைவர் நந்தகோபன் இறங்குவார், நான் ஏறுவேன். ஆய்வு முடிந்துவிட்டதால் இனி வீட்டை ஒப்படைக்கத் தயார் செய்யும் வேலை.

நாள் 31 / 16:30
இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு ஒரு விளக்கம் தேவை. எனக்கு முன் இங்கே இருந்தவர் பெருமாள்சாமி, பராமரிப்புப் பிரிவு, ஊர் கோவில்பட்டிப் பக்கம். உதிரிபாகம் கேட்டு அவர் தலைமையகத்துக்கு எழுதிய பதினோரு விண்ணப்பங்கள் கோப்பில் இருக்கின்றன. பதினொன்றுக்கும் வந்த பதில் ஒன்றே: எபாக்ஸி பசை, இரண்டு குழாய். ஒன்றில் பிசின், மற்றதில் ஹார்டனர். கலந்து தடவினால் ஐந்தே நிமிடத்தில் இறுகும் என்கிறது அட்டை. ஒட்டிய கோப்பையைத் தூக்கிப் பிடித்து ஒரு குடும்பம் அட்டையில் சிரிக்கிறது. அவர்கள் யாரும் உதிரிபாகம் கேட்டு விண்ணப்பித்தவர்களாகத் தெரியவில்லை.

பெருமாள்சாமி மனம் தளரவில்லை. கோப்பையின் காது, அலமாரிக் கொண்டி, கழிப்பறைத் தாழ்ப்பாள் என்று எங்கும் மஞ்சள் கட்டி, கொய்யாக்காய் அளவில். அவர் பொருள்களை ஒட்டினாரா, அவற்றுக்கு நோய் வரவழைத்தாரா என்று சொல்வது கடினம். பசையைக் கலக்கத் தினசரி காலண்டர் தாளைக் கிழித்திருக்கிறார். நிலவுக்கு ஒரு தினசரி காலண்டரைச் சுமந்துவந்த மனிதர். சில கட்டிகளில் தாளும் சேர்ந்தே இறுகிவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்கடியில், குழாய் வளையும் இடத்தில் இருக்கும் பெரிய கட்டியில் 'சந்திராஷ்டமம்: பூராடம்' என்று இன்றும் படிக்கலாம். நிலவிலேயே குடியிருப்பவருக்கு அதை எப்படிக் கணிப்பது என்ற குறிப்பு தாளில் இல்லை.

நந்தகோபன் இதையெல்லாம் என் கைவேலை என்று நினைத்துவிடக் கூடாது. பாறை மாதிரி எடுக்கும் உளி இருக்கிறது. நாளை தொடங்குகிறேன்.

நாள் 33 / 11:00
பதினான்கு கட்டிகளை அகற்றினேன். உளியைச் சாய்த்து ஒரு தட்டு, அவ்வளவுதான். கோப்பைக்கு இப்போது காது இல்லை. பார்க்க மரியாதையாக இருக்கிறது. கிடங்கில் ஹீட்டரைச் சுவரோடு தாங்கும் கொண்டியிலிருந்து ஒன்று. தொட்டிக் குழாயின் சந்திராஷ்டமம் ஒன்று. குழாயில் ஒரு சொட்டுகூட வரவில்லை. இரண்டு வருடமாக எந்த வேலையும் செய்யாமல் அந்தக் கட்டி அங்கே இருந்திருக்கிறது. தலைமையகமாக இருந்தால் பதவி உயர்வு கிடைத்திருக்கும். பெருமாள்சாமிக்குக் கிடைத்தது. இப்போது தரை நிலையத்தின் உதவி மேசை அவர்தான்.

நாள் 33 / 17:00
வழக்கமான அழைப்பில், வீடு சுத்தமாகிவிட்டது என்று அவரிடம் தெரிவித்தேன். பேச்சு போய்த் திரும்ப இரண்டரை விநாடி ஆகும். அவருக்குப் பத்து விநாடி ஆயிற்று.

"தொட்டிக்குக் கீழ உள்ளதயுமா மேடம்?"

அதையும்தான் என்றேன்.

"அது அழகுக்கு வச்சது இல்லயே மேடம்."

அழகுக்கு வைத்ததாக யாரும் குற்றம் சாட்டவில்லை என்று பதில் அனுப்பினேன்.

"சரிங்க மேடம். பசை ரெண்டு குழாயும் மேல் அலமாரில கெடக்கும். பாதிக்கு மேல தீந்துருக்கும். இருக்கிறத பத்திரமா வச்சுக்கிடுங்க."

வைத்துக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் குப்பைக்கூடை நிறைந்திருந்தது.

நாள் 35 / 08:20
ஹீட்டர் கொண்டியோடு பெயர்ந்து விழுந்தது. தொட்டிக் குழாயின் வளைவில் விழுந்தது. வளைவில் முன்பே ஒரு விரிசல் இருந்திருக்கிறது. இப்போது அது வாய் திறந்துவிட்டது. நான் ஓடிப்போய் வால்வை மூடுவதற்குள் 31 லிட்டர் தரையில். ஹீட்டர் செத்தது.

நிலைமை: ஆக்சிஜன் இயந்திரம் தண்ணீரைப் பிரித்துத்தான் காற்று தருகிறது; வால்வு மூடியிருந்தால் அதற்குத் தண்ணீர் போகாது. உள்ளே இருக்கும் காற்று முப்பது மணிநேரத்துக்கு வரும். விண்கலம் வர ஐந்து நாள்.

நாள் 35 / 09:05
பெருமாள்சாமி பசை கலக்கப் பாடம் நடத்தத் தொடங்கினார். உப்புத்தாளால் தேய்க்க வேண்டுமாம், ஈரம் போகத் துடைக்க வேண்டுமாம், இரண்டும் சம அளவாம். எனக்கு அட்டை படிக்கத் தெரியும் என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தேன். இறுக வைப்பது ஹார்டனர். எனக்குச் சீக்கிரம் இறுக வேண்டும். ஆகவே ஹார்டனர் இரண்டு பங்கு. இதற்கு உதவி மேசை தேவையில்லை.

நாள் 35 / 09:25
அட்டை கேட்பது ஐந்து நிமிடம். நான் பதினைந்து கொடுத்தேன். தொட்டால் ரப்பர் மாதிரி அமுங்குகிறது. வால்வைத் திறக்கிறேன்.

நாள் 35 / 09:26
மூடினேன். கட்டி முழுசாகக் கழன்று பறந்து எதிர்ச்சுவரில் ஒட்டிக்கொண்டது. அங்கே நன்றாக ஒட்டுகிறது. தண்ணீர் 40 லிட்டர்.

நாள் 35 / 09:40
"எத்தன பங்கு போட்டீங்க மேடம்?"

சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கியது இரண்டரை விநாடி தாமதமாகக் கேட்டது.

"பாயசத்துக்குச் சீனியா மேடம், கூடப் போட்டா கூட இனிக்க? அதுல ஒண்ணுக்கு ஒண்ணு ஜோடி. ஜோடி கெடைக்காதது இறுகாம அப்படியே கொழகொழன்னு கெடக்கும்."

நூலகத்தில் தேடினேன். இதையே ஒரு வேதியியல் நூல் பதினான்கு பக்கத்தில், பாயசம் இல்லாமல் சொல்கிறது.

ஹார்டனர் குழாயை அடியிலிருந்து சுருட்டிப் பிதுக்கினேன். கொண்டைக்கடலை அளவு வந்தது. பிசின் கால் குழாய் மிச்சம். தனியாக அதனால் ஒரு பயனும் இல்லை. இனி ஒரே ஒரு முறைதான்.

நாள் 35 / 10:30
சொன்னதைச் செய்தேன். தேய்த்தேன். துடைத்தேன், மறுபடி துடைத்தேன். கலக்கத் தட்டையாக ஏதாவது வேண்டும். அவருடைய காலண்டரில் ஒரு தாள் கிழித்தேன். அதில் 'தனுசு: பொறுமை' என்றிருந்தது. என் ராசி எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கவும் இல்லை.

ஹீட்டர் இல்லாத கிடங்கு இப்போது 5 டிகிரி.

"அந்தக் குளுருல அஞ்சு நிமிசம்லாம் அட்டைலதான் மேடம். ஆறேழு மணிநேரம் ஆகும். வளைவு தொங்கும், அசையாமப் பிடிக்கணும். கையுறை வேண்டாம், வெறுங்கையால பொத்திக்கிடுங்க. கோழி அடைகாக்குமே, அப்பிடி. வெளிய பிதுங்குறத மட்டும் உடனே வழிச்சுருங்க."

தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கைதான் நுழைகிறது. எது பிதுங்குகிறது என்று பார்க்க வழியில்லை.

நாள் 35 / 13:15 / குரல் பதிவு
வலது கை வளைவைச் சுற்றி. உட்கார்ந்திருக்கிறேன். தோள்பட்டை வலி. நான் தூங்கிவிடக் கூடாது என்று பெருமாள்சாமி பேசிக்கொண்டே இருக்கிறார். அவர் மனைவி எது உடைந்தாலும் தூக்கி எறிந்துவிடுவாராம். வீட்டில் தனக்கு வேலையே இல்லாமல் போனதால்தான் நிலவுக்கு மனு போட்டாராம். நாளையோடு பணி ஓய்வு. அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. பதிவு செய்த குரல் வருமாம். இதையெல்லாம் நான் கேட்கவில்லை. துண்டிக்கவும் இல்லை.

நாள் 35 / 17:40 / குரல் பதிவு
இறுகிவிட்டது. கையை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. மூன்று விரல், உள்ளங்கை. பிதுங்கியது அங்கே போயிருக்கிறது.

"இழுக்காதீங்க மேடம். மேல இறுகுனாலும் உள்ள இன்னும் பிஞ்சா இருக்கும். ஒரு நாள் முழுசா ஆகணும். நீங்க இழுத்தா குழாயும் கூட வரும்."

இழுக்கவில்லை.

நாள் 36 / 13:30 / குரல் பதிவு
தலைவலி. காற்று கனக்கிறது. வாக்கியம் நீளமாக வரமாட்டேன் என்கிறது. விரல்கள் இருக்கின்றனவா தெரியவில்லை. இடது கை வால்வில். இன்னும் ஐம்பது நிமிடக் காற்று. திறக்கலாமா என்று கேட்டேன். கேட்டது நான்தான். குறித்துக்கொள்ளவும்.

"தொறங்க மேடம். மெதுவா. நான் இருக்கேன்."

நாள் 36 / 13:41
திறந்தேன்.

நாள் 36 / 13:42
சொட்டவில்லை.

நாள் 36 / 13:50
சொட்டவில்லை. இயந்திரம் ஓடும் சத்தம். அவர் மூக்கை உறிஞ்சும் சத்தமும். சளியாக இருக்கும்.

நாள் 38 / நேரம் பார்க்கவில்லை / குரல் பதிவு
தரைத் தண்ணீரைத் துணியில் ஒற்றிக் குடிக்கிறேன். உதவி மேசையில் பதிவு செய்த குரல். என் அழைப்பு முக்கியமானது என்கிறது. கையை இழுக்க மாட்டேன். உள்ளே பழுத்துவிட்டதா என்று யாரைக் கேட்பது.

வருகிறவருக்கு. கட்டி அசிங்கமாகத்தான் இருக்கிறது. அவருடையதைவிட அசிங்கம். மேலே தாள் ஒட்டியிருக்கிறது, 'பொறுமை' என்று. இருக்கட்டும். கையை எடுங்கள், வேண்டுமானால் வெட்டி எடுங்கள். கட்டியைத் தொடாதீர்கள். சுத்தம் செய்யாதீர்கள். ஒன்றையும் சுத்தம்

நாள் 40 / 10:15
பதிவாளர்: முனைவர் நந்தகோபன், நில அதிர்வு ஆய்வாளர். தங்குபவர்: ஒருவர்.
பொறுப்பேற்றேன். காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் இயந்திரம் சரி. தொட்டி நிரப்பப்பட்டது, 90 லிட்டர். அடுத்த விண்கலம் நாற்பது நாளில்.

முன்னவர் உயிரோடு இருக்கிறார். கலத்தின் மருத்துவர் கத்தியால் தோலைச் சீவிக் கையை விடுவித்தார். குழாயை உடைத்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும், முன்னவர் அனுமதிக்கவில்லை. கலத்தில் ஏற்றும்வரை ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மயக்க மருந்து தரப்பட்டது. தனிமை சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அவருடைய பதிவுகளை ஓய்வாகப் படிக்க வேண்டும்.

நாள் 40 / 15:00
வீட்டின் நிலை வருத்தம் தருகிறது. கோப்பைக்குக் காது இல்லை. சுவரில் ரப்பர் போன்ற ஏதோ அப்பியிருக்கிறது. அலமாரியில் இரண்டு பசைக் குழாய்கள், ஒன்று காலி, ஒன்றில் கொஞ்சம், இரண்டையும் எறிந்தேன். தொட்டிக்கடியில் காலண்டர் தாளோடு ஒரு மஞ்சள் கட்டி, அதில் முன்னவரின் தோல். சுகாதாரக் கேடு. முனைவர் பட்டம் பெற்றவர் ராசிபலன் பார்த்துக் குழாய் ஒட்டியிருக்கிறார். மாதிரி உளியால் அகற்றினேன். ஒரே தட்டில் வந்தது. குழாயில் மஞ்சள் கோடு ஒன்று மட்டும் மிச்சம், சொட்டு நீரும் இல்லை.

நாள் 41 / 09:10
காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் இயந்திரம் சரி. தொட்டிக்கடியில் தரை கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. முன்னவர் சரியாகத் துடைக்கவில்லை.