உன் லேப்டாப்பிடம் அக்கா கேட்டது

என் மருமகளே, மாடி ரூமின் மகாராணியே, ஸ்டெல்லா கண்ணு,

நீ போன அன்னைக்குத் திண்டுக்கல் மலைக்கோட்டை ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிற ஊர் இது. இதற்கு மட்டும் ஒருத்தரும் சிரிக்கவில்லை. "ஆமா ஞானம், இறங்கத்தான் செஞ்சிருக்கும்" என்கிறார்கள். ஊரே இப்படிக் கெட்டுப்போனால் நான் யாரிடம் அளப்பது, சொல்லு?

நீ சென்னை வேலையை உதறிவிட்டு வந்து, என் சவுண்ட் சர்வீஸ் கடைக்கு மேலே உள்ள ரூமைக் கேட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஒரு பிரசங்கமே வைத்தாய். "ஒரு ஆபீஸே உக்காந்து எழுதுற புரோகிராமை ஏஐ டூலை வச்சு நானும் என் பிரெண்டு பாத்திமாவும் எழுதிருவோம் மாமா. பெரிய கம்பெனிக்காரனுக்கு அய்யலூர் எங்க இருக்குன்னே தெரியாது. அவன் எட்டிப் பாக்காத ஊருலதான் நமக்கு வேலை இருக்கு."

"அப்ப உலகத்துலயே பெரிய முதலாளிக்கு நான் தாய்மாமன். ஆகாசத்துல பறக்குற பிளேன் எல்லாம் நம்ம கடைக்கு மேல வந்து ஒரு வட்டம் போட்டுட்டுப் போகும்."

"முதல்ல அந்த ஸ்பீக்கரை நகத்துங்க மாமா."

நகர்த்தினேன். வேறென்ன செய்வது?

அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு ஒரு ஆப் செய்யக் கிளம்பினாய். டூலை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, அதற்கு நம்ம ஊரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நாள்கணக்கில் உட்கார்ந்தாய். வெள்ளாடு வேறு, செம்மறி வேறு. ஆட்டுக்காரர் டைப் அடிக்க மாட்டார், வாயால்தான் சொல்லுவார். யார் என்ன ஆடு கொண்டுவருகிறார், சந்தையில் எங்கே நிற்பார் என்பது வாங்குகிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொரு வரியாக எழுதி வைத்தாய்.

முதல் வியாழக்கிழமைச் சந்தையில் நீ வாங்கிக் கட்டிக்கொண்டதையும் நான்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆப்பில் விலை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட்டுவிட்டாய். ஒரு பெரியவர் போனை உன் கையிலேயே திணித்துவிட்டார். "ஏ தாயி, துண்டுக்குள்ள விரலைப் புடிச்சுப் பேசுற வெலையை நீ ஊருக்கே காட்டுறியே, அடுத்தவன் எனக்கு என்னத்தக் குடுப்பான்?" நீ வாதாடவில்லை. அங்கேயே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, 'விலையை ஒருத்தருக்கும் காட்டாதே; அந்த இடத்தில் கை வைக்குமுன் சந்தை ஆளிடம் கேள்' என்று டூலுக்கு எழுதி வைத்தாய். அதிலிருந்துதான் ஆட்டுக்காரர்கள் உன்னை நம்பினார்கள்.

எனக்காகவும் ஒரு வரி எழுதினாய். ஆப் ஓடுகிறதா என்று சோதிக்கிற உத்தியோகம் எனக்குத்தானே? இங்கிலீஷில் ஏதாவது வந்தால் நான் மிரண்டுவிடுவேன் என்று, 'வீட்டாளுக யார் கேட்டாலும் என்னை மாதிரியே பேசு' என்று வைத்தாய். அதுவும் "மாமா, செத்த இருங்க, பாத்துட்டு வாரேன்" என்று உன்னைப் போலவே சொல்லும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்புறம் அந்த மழைக்காலத்துக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து, "வியாழக்கிழமை வந்துருச்சா?" என்று கேட்டாய். இன்னும் வரவில்லை என்றேன். நீ அதுவரைக்கும் இருக்கவில்லை.

பாத்திமா விடவில்லை, கண்ணு. பேகம்பூரிலிருந்து தினமும் வந்து ஒத்தையாக உன் சந்தையை ஓட்டினாள். ஆனால் போன வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் ஆப் படுத்துவிட்டது. அய்யலூரிலிருந்து போன் மேல் போன். பாத்திமா ஓடிவந்து அதைச் சரிசெய்ய டூலைத் திறந்தால், கட்டின காசுக்கு இந்த வாரத்துக்கு உள்ள லிமிட் முடிந்துவிட்டது, மதியத்துக்கு மேல்தான் வேலை செய்வேன் என்கிறது. மதியத்துக்கு மேல் சந்தையில் யார் இருப்பார்கள்? ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர் ஒருத்தர் கொண்டுவந்த ஆட்டில் பாதியைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டே எனக்குப் போன் போட்டார். "ஏனுங்க, அந்தப் புள்ள இல்லீன்னா இதுவும் இல்லீங்களா?"



"நான் இந்த வாரம் டூலைத் தொடவே இல்லையே மாமா, லிமிட் எப்படித் தீந்துச்சு?" என்று பாத்திமா பழைய பேச்சையெல்லாம் மேலே தள்ளிப் பார்த்தாள். அப்படியே கையை எடுத்துவிட்டாள்.

'சாப்டியா?' 'தலைவலி விட்டுருச்சா?' 'இன்னைக்கு மீன்கொழம்பு வச்சேன்.' திரும்பவும் 'சாப்டியா?'

அக்கா. உன் அம்மா. மாடியைக் கூட்டப் போறேன் என்று தினமும் போவாளே, அந்த ரூமில் உலகத்துக் குப்பையெல்லாம் வந்து விழுகிறதா என்று நான் கேலி பேசுவேனே. அவள் மைக்கை அமுக்கி உன்னிடம் பேசிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒவ்வொரு 'சாப்டியா'வுக்கும் அது உன் வேலை முழுவதையும் முதலிலிருந்து படித்துப் பார்த்துவிட்டு, 'நான் நல்லா இருக்கேம்மா. நீங்க சாப்டீங்களா? சந்தை வேலையில ஏதும் மாத்தணுமா?' என்று கேட்டிருக்கிறது. அப்படித்தான் லிமிட் முழுக்கக் கரைந்ததாம்.

"அந்த ஒத்த வரியை எடுத்துட்டா போதும் மாமா," என்றாள் பாத்திமா. "அப்புறம் ஸ்டெல்லா மாதிரி பேசாது, அம்மாவும் வர மாட்டாங்க. ஆனா என் கை வர மாட்டேங்குது."

"வேணாம் பாத்திமா. அக்காவுக்குத் தனியா ஒண்ணு வாங்கிருவோம். கடையில உள்ள அம்புட்டு ஸ்பீக்கரையும் வித்தாவது வாங்குறேன்."

அக்கா வாசலில் விளக்குமாற்றோடு நிற்பதை அப்போதுதான் பார்த்தோம். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"நான் ஒரு வேலையும் சொல்லலையேப்பா. சாப்டியான்னுதான் கேட்டேன்."

அவளே வந்து பாத்திமா பக்கத்தில் உட்கார்ந்தாள். "எடுத்துரு தாயி."

"அம்மா..."

"அது அவ இல்லைன்னு எனக்குத் தெரியாதாக்கும்? எத்தனை தடவை கேட்டேன்! ஒரு தடவையாச்சும் 'சும்மா இரும்மா, வேலையா இருக்கேன்'னு வள்ளுன்னு விழுந்துச்சா? பொறுமையா, மரியாதையா பதில் சொல்லுது. எம்மகளுக்கு ஏதுடி பொறுமை?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கே போய் முடிந்தது என்று உனக்கு நான் எழுத மாட்டேன்.

மதியம் லிமிட் திறந்ததும் பாத்திமா அந்த வரியை எடுத்தாள். 'நீக்கப்பட்டது' என்று அரசாங்க ஆபீஸ் மாதிரி ஒரே வார்த்தை வந்தது. "இம்புட்டுத்தானா?" என்றாள் அக்கா. செத்த நேரத்தில் ஆப்பும் சரியானது. சரிசெய்யும்போது, விலை இருக்கிற இடத்தில் கை வைக்கலாமா என்று சந்தை ஆளைக் கேட்கச் சொன்னது டூல். விலைக்காக நீ எழுதிய அந்த வரியை நாங்கள் தொடவில்லை. ஒருநாளும் தொட மாட்டோம்.

உன் சந்தை இனி நிற்காது. சேவுகம்பட்டிப் பூக்காரர்களும் இதுமாதிரி எங்களுக்கு ஒன்று செய்து தாருங்கள் என்கிறார்கள். பாத்திமா அவர்களுடைய பேச்சைக் கேட்டுக் கேட்டு டூலுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அவள் பின்னாலேயே லேப்டாப்புக்குப் பேட்டரியைச் சுமந்துகொண்டு நானும் அலைகிறேன்.

நான் உனக்குத் தருகிற வாக்கு வேறு. நேற்றும் அக்கா மாடிக்கு வந்தாள். லேப்டாப் பக்கம் போகவில்லை. கூட்டின தரையையே திரும்பக் கூட்டினாள். இனி அவளை அங்கே தனியாக விட மாட்டேன். கடையைப் போட்டது போட்டபடி ஏறி வந்து பக்கத்தில் உட்காருவேன். பதில் இல்லாத கேள்வியெல்லாம் என்னிடமே கேட்கட்டும். தெரியாது அக்கா என்று சொல்ல, ரத்தமும் சதையுமாக ஒரு ஆள் அவளுக்கு இருப்பான்.

காது குத்தும்போது உன்னை மடியில் வைத்துக்கொண்டு உன்னைவிடச் சத்தமாக அழுத,
உன் தாய்மாமன்
ஞானம்